கரையும் எலும்புச் சாரம்: தம்பி காத்திருக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. பைக் விபத்தில் இடது கீழ்க்கால் எலும்பு உடைந்து, ஒரு துண்டு சாலையிலேயே போய்விட்டது. காலுக்கு வெளியே கம்பிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். எலும்பில் 5 சென்டிமீட்டர் இடைவெளி. அதில் ஏதோ சிமென்ட் வைத்து நாலு வாரம் ஆகிறது. இன்னும் மூன்று வாரத்தில் அதை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து நிரப்பப் போவதாக டாக்டர் சொல்கிறார். "உடைந்தது போதாதா, உடையாத இடத்திலும் ஏன் கை வைக்க வேண்டும்?" என்று தம்பி முரண்டு பிடிக்கிறான். பிளாஸ்டிக்கும் பீங்கானும் கலந்து, இடைவெளிக்குள் வைத்தால் எலும்பு வளர வளரத் தானே கரைந்துபோகிற சட்டம் ஒன்று இருப்பதாகப் படித்திருக்கிறான். அது வரும்வரை ஓரிரு வருடம் காத்திருக்கலாம் என்கிறான். கரைந்துபோகிற பொருளை நம்பி எப்படிக் காலை ஊன்றுவது என்று அம்மாவுக்குப் பயம். கரைந்தால் அது எங்கே போகும்? உடம்புக்கு விஷமா? நிஜமாகவே காத்திருக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் படிக்கலாம். காத்திருக்க வேண்டாம். மூன்று வாரத்தில் குறித்திருக்கும் ஆபரேஷனை, டாக்டரே தள்ளிப் போட்டால் ஒழிய, நீங்களாகத் தள்ளாதீர்கள். நான் எலும்பு டாக்டர் இல்லை. எலும்புக்குச் சாரம் செய்கிற ஆய்வகத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவன். உங்கள் தம்பி எதற்காகக் காத்திருக்க நினைக்கிறாரோ, அதைச் செய்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

சாரம் என்றதும் பிழிந்தெடுத்த சாறு என்று நினைத்துவிடாதீர்கள். கட்டட வேலையில் கம்பும் பலகையும் கயிறுமாகக் கட்டுவார்களே, அந்தச் சாரம். எங்கள் துறையில் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அம்மாவின் பயத்துக்கான பதிலும் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சாரம் கட்டடத்தைத் தாங்குவதில்லை, கட்டுகிற ஆளைத்தான் தாங்குகிறது. எலும்புச் சாரமும் அப்படித்தான். அது சுமப்பது உடம்பின் எடையை அல்ல, எலும்பு கட்டுகிற செல்களை. உடம்பின் எடையை எலும்பு முற்றும்வரை உலோகத் தகடோ, எலும்புக்குள் செருகும் கம்பியோ, வெளியே போட்டிருக்கும் சட்டமோதான் சுமந்தாக வேண்டும். கால் எலும்பின் கெட்டியான வெளிச்சுவரை நசுக்க வேண்டுமானால் 100 முதல் 200 மெகாபாஸ்கல் அழுத்தம் தேவை. நாங்கள் செய்கிற துளைகள் நிறைந்த சாரத்துக்கு அந்த எண் பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான். நன்றாகச் செய்தால் சற்று மேலே போகும். "இதை வைத்தவுடன் நடக்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியானால் பிளாஸ்டிக்கையும் பீங்கானையும் ஏன் கலக்கிறோம்? எலும்பே ஒரு கலவை என்பதால்தான். உடற்கூறு வகுப்பில் பழைய செய்முறை ஒன்று உண்டு. கீழ்க்காலில் பெரிய எலும்புக்குப் பக்கத்தில் ஒல்லியாக இன்னோர் எலும்பு இருக்கும். அதை நீர்த்த அமிலத்தில் சில நாள் ஊறப் போடுவார்கள். வெளியே எடுத்தால் பார்ப்பதற்கு அதே எலும்பு. ஆனால் கையில் எடுத்து வளைத்தால் ரப்பர் குழாய் மாதிரி வளையும், முடிச்சுகூடப் போடலாம். அதிலிருந்த தாதுவெல்லாம் அமிலத்தில் போய், மிஞ்சியது கொலாஜன் என்கிற புரத நார் மட்டும். இன்னோர் எலும்பைத் தீயில் சுட்டு எடுப்பார்கள். அதில் நார் எரிந்துபோய் தாது மட்டும் நிற்கும். வெள்ளை வெளேரென்று முழு உருவத்தோடு இருக்கும், ஆனால் விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். நார் மட்டும் இருந்தால் துவளும், தாது மட்டும் இருந்தால் நொறுங்கும். இரண்டும் பின்னிக் கிடப்பதால்தான் நாம் குதித்தாலும் எலும்பு உடைவதில்லை. எடைக்கணக்கில் எலும்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது, மீதி புரதமும் நீரும்.

நாங்கள் செய்வது அதன் முரட்டு நகல். நாருக்குப் பதில், கரையக்கூடிய பாலிமர்: பாலிலாக்டிக் அமிலம், பாலிகிளைகாலிக் அமிலம், இரண்டும் கலந்த வகைகள், பாலிகேப்ரோலாக்டோன். இவற்றில் சில 1970களிலிருந்தே கரையும் தையல் நூலாக ஆபரேஷன் அறைகளில் இருப்பவை. தாதுவுக்குப் பதில் ஹைட்ராக்சிஅபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட், பயோகிளாஸ் போன்ற பீங்கான், கண்ணாடித் தூள்கள். வெறும் பாலிமரை எலும்புச் செல்கள் அவ்வளவாக மதிப்பதில்லை. அது தண்ணீரை ஒட்டவிடாத வழுக்கு நிலம். தூளைச் சேர்த்தால் செல்கள் பற்றிக்கொள்ளச் சொரசொரப்பும் கிடைக்கும், எலும்பின் வாசனையும் கிடைக்கும். வாசனை என்று நான் சொல்வது கால்சியம், பாஸ்பேட் சமிக்ஞைகளை.

பயோகிளாஸ் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1967-இல் லாரி ஹென்ச் என்கிற அமெரிக்கப் பொருளறிவியலாளர் ஒரு மாநாட்டுக்குப் பேருந்தில் போகிறார். பக்கத்து இருக்கையில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ராணுவ கர்னல். "உடம்பு ஒதுக்கித் தள்ளாத பொருள் ஒன்றை உங்களால் செய்ய முடியாதா?" என்று அவர் கேட்கிறார். கை கால் இழந்தவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த கேள்வி அது. ஹென்ச் சிலிக்கா, சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் கலந்த ஒரு கண்ணாடியைச் செய்தார். 1969-இல் அதை எலிகளின் தொடையெலும்பில் வைத்துப் பார்த்தார்கள். ஆறு வாரம் கழித்து எடுக்கப் போனால் கண்ணாடி வரவில்லை. எலும்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு செயற்கைப் பொருள் எலும்போடு உறவாடும் என்பதை உலகம் நம்ப ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

சரி, கரைவதற்கு வருவோம். தம்பி படித்த செய்திகளில் "எலும்பு வளர வளரக் கரையும்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். எங்கள் பாடு முழுக்க அந்த ஒரு வரியில்தான். சாரத்துக்கு எலும்பைப் பார்க்கக் கண் கிடையாது. எலும்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அது தன் கணக்குக்குக் கரையும். பாலிலாக்டிக்கையும் பாலிகிளைகாலிக்கையும் சரிபாதி கலந்தால் ஓரிரு மாதத்தில் உருக்குலையும். சுத்தமான பாலிலாக்டிக்கில் ஒரு வகை இரண்டு வருடத்துக்கு மேலும் கிடக்கும். பாலிகேப்ரோலாக்டோன் இரண்டு மூன்று வருடம் இழுக்கும். எலும்போ ஆளுக்கு ஆள் வேறு வேகம். 26 வயதில் ஒரு வேகம், 60 வயதில் ஒரு வேகம், சர்க்கரை நோய் இருந்தால் இன்னொன்று. சாரம் முந்தினால் நடுவில் பள்ளம் விழும். பிந்தினால் எலும்பு வளர வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொண்டு நிற்கும். ஒருவருக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற கணக்கு இன்னொருவருக்குப் பொருந்தாது.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. பாலிமர் கரையும்போது முதலில் போவது அதன் எடை அல்ல, பலம். நீர் உள்ளே புகுந்து நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டும். வெளியிலிருந்து பார்த்தால் அதே வடிவம், அதே எடை. கறையான் அரித்த உத்தரம் மாதிரி, உரு இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. எடை குறைய ஆரம்பிக்கிறது என்று நாங்கள் கண்டுபிடிக்கும்போது பலம் போய் வெகு காலம் ஆகியிருக்கும்.

கரைந்தது எங்கே போகிறது என்று கேட்டிருந்தீர்கள். பாலிலாக்டிக் அமிலம் உடைந்தால் லாக்டிக் அமிலம் வரும். ஓடிக் களைத்தால் நம் தசைகளில் உண்டாவதும் அதே லாக்டிக் அமிலம்தான். உடம்புக்கு அது பழகிய சரக்கு. அதை எரித்து கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியே அனுப்பிவிடும். டிரைகால்சியம் பாஸ்பேட் கரைந்தால் கால்சியமும் பாஸ்பேட்டும் வரும். அவையும் அந்நியர் இல்லை. அதனால் விஷம் என்று பயப்பட வேண்டாம். ஆனால் சிக்கலே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அமிலம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் ரத்தம் அள்ளிக்கொண்டு போகும். பருமனான துண்டாக இருந்தால் நடுவில் உண்டான அமிலம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கி, பாலிமரை இன்னும் வேகமாக அரிக்கும். வெளிச்சுவர் நன்றாக இருக்க, உள்ளே குழம்பாகிவிடும். ஒரு நாள் சுவர் விரிசல்விட்டால் அத்தனை அமிலமும் மொத்தமாக வெளியே வரும். சீக்கிரம் கரைகிற பாலிகிளைகாலிக் ஆணிகளை எலும்பில் பயன்படுத்தத் தொடங்கிய காலத்தில், சில நோயாளிகளுக்குக் கிருமியே இல்லாமல் வீக்கமும் நீர்க்கசிவும் வந்ததற்கு இப்படிப்பட்ட சங்கதிதான் காரணம். பீங்கான் தூளைக் கலப்பதில் இங்கேயும் லாபம் உண்டு. கால்சியம் பாஸ்பேட் காரத்தன்மை உள்ளது, பக்கத்திலேயே இருந்து அமிலத்தின் முனையை மழுக்கிவிடும்.

அப்படியானால் தூளை நிறையப் போட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் ஆரம்பத்தில் தோன்றியது. உருக்கிய பாலிகேப்ரோலாக்டோனை ஊசி வழியாக மெல்லிய நூலாக இழுத்து, ஒரு அடுக்கு நேராக, அடுத்தது குறுக்காக என்று பாய் முடைவது போல முப்பரிமாண பிரிண்டர் அடுக்கிக்கொண்டே போகும். பார்க்க அழகாக இருக்கும். எடையில் 20 சதவீதம் டிரைகால்சியம் பாஸ்பேட் சேர்த்தால் ஒழுங்காக ஓடும். இன்னும் கூட்டிக்கொண்டே போனால் தூள் கட்டி கட்டியாகச் சேர்ந்து ஊசி அடைத்துக்கொள்ளும். அப்படியும் பிதுக்கி எடுத்தால் நூல் பிஸ்கட் மாதிரி ஒடியும். தூளும் பாலிமரும் தொடுகிற எல்லையில் நீர் நுழைந்து இரண்டையும் பிரித்துவிடும் ஆபத்து வேறு. எலும்பு மட்டும் மூன்றில் இரண்டு பங்கு தாதுவை வைத்துக்கொண்டு எப்படி நொறுங்காமல் இருக்கிறது? அதன் தாதுத் துகள்கள் சில நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகள். கொலாஜன் நாருக்கு உள்ளேயே அவை வளர்கின்றன. மாவில் மணலைப் பிசைகிற மாதிரி நாங்கள் பிசைவதற்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

வடிவமும் பொருளும் சரியாக அமைந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். உங்கள் தம்பியின் காலில் உண்மையான எதிரி வேறு: தூரம். ஒரு செல் உயிரோடு இருக்க அதற்கும் அருகிலுள்ள ரத்த நுண்குழாய்க்கும் இடையே 100 முதல் 200 மைக்ரானுக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டு மூன்று தலைமுடி தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாரத்தில் 300 மைக்ரானுக்கும் பெரிய துளைகளாக, ஒன்றோடொன்று திறந்த துளைகளாக விடுவதே ரத்தக் குழாய் நுழையத்தான். ஆனால் நுண்குழாய் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. 5 சென்டிமீட்டர் இடைவெளியின் நட்டநடுவில் இருக்கிற செல்லுக்குச் சோறு தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் அது செத்துவிடும். எலியின் மண்டையோட்டில் 5 மில்லிமீட்டர் ஓட்டையை அழகாக மூடிக் காட்டிய சாரம், மனிதனின் காலில் தடுமாறுவது இதனால்தான். எலியின் மண்டையோடு எடை தாங்குவதும் இல்லை. சென்டிமீட்டருக்கும் மில்லிமீட்டருக்கும் இடையிலுள்ள இந்தப் பத்து மடங்கைத்தான் செய்திகள் ஒரே தாவலில் தாண்டிவிடுகின்றன.

இப்போது இடுப்பெலும்பைப் பாருங்கள். அதில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. "எலும்பாகு" என்று மற்ற செல்களுக்குக் கட்டளையிடும் புரதங்கள் இருக்கின்றன. ஏறி வளரக் கட்டமைப்பும் இருக்கிறது. வெறும் சாரத்தில் மூன்றாவது மட்டும்தான் உண்டு. இருப்பதிலேயே நல்ல கூட்டுப்பொருள் சாரம் தம்பியின் இடுப்பிலேயே விளைந்து தயாராக இருக்கிறது. எங்கள் கூட்டம் அதன் பக்கத்தில் போய் நிற்கத்தான் பாடுபடுகிறது.

உங்கள் டாக்டர் வைத்திருக்கும் சிமென்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பிரெஞ்சு அறுவை மருத்துவர் மாஸ்கெலே 1980களில் கொண்டுவந்த இரண்டு கட்ட முறையைத்தான் அவர் கையாள்கிறார் என்று நினைக்கிறேன். அது கட்டடச் சிமென்ட் இல்லை, ஒரு வகை அக்ரிலிக். கரையாது. பெரும்பாலும் கிருமிக்கொல்லி மருந்தைக் கலந்து வைப்பார்கள். அந்நியப் பொருள் வந்துவிட்டதே என்று உடம்பு அதைச் சுற்றி ஒரு சவ்வை வளர்க்கும். அந்தச் சவ்வில் ரத்தக் குழாய்கள் நிறைய இருக்கும், எலும்பை வளர்க்கும் புரதங்களையும் அது சுரக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் சவ்வைத் திறந்து, சிமென்டை எடுத்துவிட்டு, அந்தப் பைக்குள் எலும்புத் துகளை நிரப்பி மூடுவார்கள். நான் மேலே சொன்ன ரத்த ஓட்டச் சிக்கலுக்கு இது எவ்வளவு சாமர்த்தியமான விடை என்று பாருங்கள். வாரங்கள் கூடக் கூட அந்தச் சவ்வின் வீரியம் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தம்பி ஒரு வருடம் காத்திருந்தால் இந்த வாய்ப்பும் கையைவிட்டுப் போகும். தொடை, கெண்டைத் தசைகள் இளைக்கும், கணுக்கால் இறுகும், ஊன்றாத காலின் மற்ற எலும்புகளும் சோகை பிடித்துப் போகும்.

இடுப்பில் கை வைப்பதைப் பற்றித் தம்பி கேட்டதும் நியாயம்தான். வலி இருக்கும், பலருக்குச் சில வாரங்கள், சிலருக்கு இன்னும் நீளும். தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவதும் சிலருக்கு நேர்வதுண்டு. 5 சென்டிமீட்டர் இடைவெளியை நிரப்ப ஒரு பக்க இடுப்பு போதுமா என்ற கேள்வியும் வரும். அதனால் டாக்டரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: தொடையெலும்பின் உட்குழாயைக் கடைந்து எடுக்கும் எலும்புத் துகளைப் பயன்படுத்தலாமா? எடுத்த எலும்பு போதாமல் போனால் டிரைகால்சியம் பாஸ்பேட் மாதிரியான மணிகளைக் கலந்து அளவைப் பெருக்குவாரா? பெருக்குவார் என்றால், தம்பி ஆசைப்படுகிற பொருளின் ஒரு பாதி அவர் காலுக்குள் போகத்தான் போகிறது. சொந்த எலும்போடு கூட்டாளியாகப் போகும், அவ்வளவுதான். இடைவெளியை மெல்ல இழுத்து மூடும் இலிசாரோவ் முறையும் இருக்கிறது. எலும்பை வேறோர் இடத்தில் வெட்டி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துவார்கள். இடுப்பைத் தொட வேண்டாம், ஆனால் மாதக்கணக்கில் சட்டத்தோடு வாழ வேண்டும். எது தம்பிக்குப் பொருந்தும் என்பதைக் காலைத் தொட்டுப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

இத்தனையும் படித்துவிட்டு, சாரமெல்லாம் வெறும் ஆய்வகக் கனவு என்று நினைத்துவிட வேண்டாம். முழங்கால் தசைநாரை மறுபடி கட்டுகிற ஆபரேஷனில் பாலிலாக்டிக்கும் டிரைகால்சியம் பாஸ்பேட்டும் கலந்த திருகாணிகள் பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த யாராவது விளையாட்டுக்காரரின் முழங்காலில் அது இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். மண்டையோட்டில் போடும் துளையை மூட, பாலிகேப்ரோலாக்டோனில் அச்சிட்ட மூடிகள் வந்துவிட்டன. எலும்புக்கட்டியைச் சுரண்டி எடுத்த குழி, பல் பிடுங்கிய பள்ளம், முதுகெலும்பு இணைப்பு ஆகியவற்றில் கொலாஜனும் பீங்கானும் கலந்த பஞ்சுகளும் மணிகளும் அன்றாட வேலை செய்கின்றன. நாலு பக்கமும் எலும்புச் சுவர் இருக்கிற சின்னக் குழி என்றால் சாரத்துக்கு ஜெயம்தான். தம்பிக்கு இருப்பது சுவரே இல்லாத இடைவெளி.

பெரிய இடைவெளியிலும் முயன்றிருக்கிறார்கள். 2001-இல் மூன்று நோயாளிகளைப் பற்றிய ஒரு அறிக்கை வந்தது. 4 முதல் 7 சென்டிமீட்டர் வரை எலும்பு இழந்தவர்கள். அவரவர் எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களை எடுத்து வளர்த்து, துளையுள்ள ஹைட்ராக்சிஅபடைட் சாரத்தில் ஏற்றி வைத்தார்கள். எலும்பு சேர்ந்தது. எங்களுக்கெல்லாம் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆறேழு வருடம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தால் எலும்பு நன்றாக இருந்தது, சாரமும் அப்படியே உள்ளே உட்கார்ந்திருந்தது. ஹைட்ராக்சிஅபடைட் லேசில் கரையாது. கட்டடம் முடிந்தும் சாரத்தைப் பிரிக்காத கதை. கரையும் பாலிமரோடும் சீக்கிரம் கரையும் பீங்கானோடும் நாங்கள் மல்லுக்கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், செய்திகளைப் படிக்கும்போது நிறத்தை நம்பாதீர்கள் என்று தம்பியிடம் சொல்லுங்கள். நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது நடந்தது இது. சாரத்தில் செல்களை வளர்த்து மூன்று வாரம் கழித்து அலிசரின் என்கிற சாயத்தை ஊற்றுவோம். கால்சியம் படிந்த இடம் சிவக்கும். செல்கள் எலும்புத் தாதுவைக் கட்டுகின்றன என்பதற்கு அது அடையாளம். என் சாரம் செக்கச் செவேலென்று சிவந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "செல் போடாத சாரம் ஒன்றைச் சாயத்தில் போட்டுப் பார்த்தாயா?" என்றார். போட்டுப் பார்த்தேன். அதுவும் அதே சிவப்பு. சாரத்துக்குள் நானே கலந்திருந்த கால்சியம் பாஸ்பேட்டைத்தான் சாயம் காட்டிக்கொண்டிருந்தது. அதே வருடம், கிருமி நீக்குவதற்காக ஒரு தட்டு நிறைய பாலிகேப்ரோலாக்டோன் சாரங்களை 121 டிகிரி நீராவி அடுப்பில் வைத்துவிட்டேன். அது 60 டிகிரியிலேயே உருகும் பொருள். திறந்தபோது தட்டின் அடியில் மெழுகுக் குட்டை. சொல்ல வந்தது இதுதான்: ஆய்வகத்தில் செய்வதற்கும், கிருமி நீக்கி, பெட்டியில் அடைத்து, ஆபரேஷன் அறையில் ஒருவர் நம்பிக்கையோடு பிரிப்பதற்கும் நடுவில் இப்படிப்பட்ட நூறு படிகள் இருக்கின்றன. ஓரிரு வருடத்தில் வந்துவிடும் என்று தம்பி போட்ட கணக்கில் அவை எதுவும் இல்லை.

வளர்ச்சிப் புரதம் பற்றியும் அவர் படித்திருப்பார் என்று நினைக்கிறேன். மார்ஷல் யூரிஸ்ட் என்கிற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1965-இல், தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தாலே அங்கே புது எலும்பு முளைப்பதைக் காட்டினார். அதன் வழியில் வந்த பி.எம்.பி-2 புரதம் கொலாஜன் பஞ்சில் ஊறவைத்து 2002-இல் அமெரிக்காவில் முதுகெலும்புக்கு அனுமதி பெற்றது, 2004-இல் புதிதாக உடைந்த கீழ்க்கால் எலும்புக்கும். நல்ல மருந்துதான். ஆனால் இயற்கையில் இருப்பதைவிடப் பல மடங்கு கொட்ட வேண்டியிருக்கிறது. கழுத்துப் பகுதி முதுகெலும்பில் பயன்படுத்தியபோது தொண்டை வீங்கி மூச்சுக்கே ஆபத்தான நிலைமைகள் வந்ததால் 2008-இல் அந்நாட்டு மருந்துத் துறை எச்சரிக்கை வெளியிட்டது. யாராவது "ஸ்டெம் செல் சாரம் வைக்கிறோம், இடுப்பைத் தொட வேண்டாம்" என்று விளம்பரம் செய்தால், அது பதிவு செய்த மருத்துவச் சோதனையா, நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். முறையான சோதனையில் சோதிக்கிற பொருளுக்குப் பொதுவாக நோயாளியிடம் காசு கேட்க மாட்டார்கள். முன்பணம் கேட்டால் அது சோதனை இல்லை, வியாபாரம். முறையான சோதனை ஒன்று இருந்து, உங்கள் டாக்டரே தம்பி அதற்குப் பொருத்தம் என்று சொன்னால் தாராளமாகச் சேரட்டும். குறித்த தேதியைத் தள்ளிவிட்டு அதைத் தேடிக்கொண்டு அலைய வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

தம்பி புகைப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. புகைப்பார் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இதைக் கண்டிப்போடு சொல்லுங்கள். புகை ரத்த நுண்குழாயைச் சுருக்கி எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும். நாங்கள் மைக்ரான் மைக்ரானாகத் துளை விட்டு அழைக்கிற ரத்தத்தை ஒரு சிகரெட் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். வெளிச்சட்டத்துக் கம்பி தோலில் நுழையும் இடத்தில் சிவப்போ கசிவோ இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். கிருமி இருக்கிற இடத்தில் எந்த எலும்பை வைத்தாலும், எந்தச் சாரத்தை வைத்தாலும், அது கிருமிக்குக் கட்டிக் கொடுத்த வீடாகிவிடும்.

கடைசியாக, ஆபரேஷன் முடிந்த கையோடு எக்ஸ்ரே எடுப்பார்கள். இடைவெளி முழுக்க வெள்ளையாக நிறைந்திருப்பதைப் பார்த்ததும் வீட்டில் எல்லோரும் "எலும்பு வந்துவிட்டது" என்று சந்தோஷப்படுவீர்கள். அது அன்றைக்கு வைத்த துகள்களின் வெள்ளை. பீங்கான் மணி கலந்திருந்தால் இன்னும் பளிச்சென்று இருக்கும். என் சிவப்புச் சாரத்தின் கதைதான் அதுவும். அடுத்தடுத்த மாதங்களில் முன்பக்கமிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படம் எடுப்பார்கள். இரண்டிலும் சேர்த்து எலும்பின் நான்கு ஓரங்கள் தெரியும். அவற்றில் மூன்றிலாவது பழைய எலும்பிலிருந்து கோடு அறுபடாமல் ஓடி மறுபக்கம் சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். அவர் ஆமாம் என்று சொல்கிற வரைக்கும் தம்பி ஊன்றுகோலை மூலையில் சாத்த வேண்டாம்.